டிராக்டரில் ஏறிய தேனீக்கள்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தில்தான் எனக்குத் தைரியம் அதிகம். வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிற வேதியியலில்கூடச் சில நாள் சந்தேகம் வந்துவிடும். இரண்டே நாள் வகுப்பில் உட்கார்ந்து படித்த தேனீ வளர்ப்பில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. வகுப்பு முடிந்த கையோடு, தேனீக்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டியுடன் பூதலூர் வந்து இறங்கினேன். விவசாயியான என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நெல்லு பால் பிடிக்க ஈ ஒண்ணும் வர வேணாமே, வாசுகி?”

“தென்னைக்குங்க. காய்ப்பு கூடுமாம்.”

“இருக்கறதே நாலு தென்னை.”

(நாலுகூட இல்லை. ஒன்று பட்டுப்போய் நின்றது.)

வயலோரம் மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். பத்து நாளைக்குத் திறக்கவே கூடாது என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் ஆறாம் நாளே திறந்தேன். ராணித் தேனீயைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குறுவைக்கு வயலில் சேறு கலக்கி உழுதுகொண்டிருந்தார்கள். மறுநாள் நடவு. நடவுக்கு ஆள் பிடிக்க என் கணவர் பத்து நாள் அலைந்திருந்தார். டிராக்டர் குமரேசன் அரைநாள்தான் என்று சொல்லி வந்திருந்தார். இதெல்லாம் தெரிந்துதான் திறந்தேன். நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முகத்துக்கு வலைத்தொப்பி இல்லை. கணவரின் ஹெல்மெட்டைப் போட்டு, மேலே கொசுவலையைச் சுற்றிக்கொண்டேன். லேசாகப் புகை காட்டினால் தேனீ அடங்கும் என்பது பாடம். சாமி அறைத் தூபக்காலில் சாம்பிராணி போட்டு எடுத்துப் போனேன். லேசாக என்றால் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் காட்டுவதுபோல மூலைமுடுக்கெல்லாம் காட்டினேன்.

அடை கட்டியிருந்த ஒரு சட்டத்தை உருவினேன். ஒரே ஒரு தேனீ, ஒன்றே ஒன்று, ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதோரம் ரீங்கரித்தது. சட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஹெல்மெட் கண்ணாடியில் புகை மண்டியதில் திசை தெரியவில்லை. நேரே டிராக்டரை நோக்கி ஓடியிருக்கிறேன்.

ஹெல்மெட்டும் கொசுவலையுமாக ஓர் உருவம், கையில் புகையும் தூபக்கால், பின்னால் திரளாகத் தேனீக்கள். குமரேசன் வண்டியை நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. சேற்றில் குதித்துவிட்டார். புகை தாங்காமல் பெட்டியைக் காலி செய்த கூட்டம் மொத்தமும் ஒரு சுற்றுச் சுற்றி, டிராக்டர் கூரைக்கு அடியில், ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, பலாக்காய் மாதிரி தொங்கியது.

பயிற்சியாளரை போனில் பிடித்தேன்.

“கொத்தா உட்கார்ந்துட்டா ரொம்ப சாதுங்க மேடம். ராணியப் பிடிச்சுப் பெட்டியில விடுங்க. மத்ததெல்லாம் தானா வந்துடும்.”

“ராணி எப்படிங்க இருக்கும்?”

“மத்ததவிடக் கொஞ்சம் நீளமா இருக்கும்.”

“ஆயிரக்கணக்குல தொங்குதேங்க!”

“ஆமாங்க. பொறுமையாப் பாருங்க.” வைத்துவிட்டார்.

அதற்குள் வரப்பு முழுக்க ஆள். ஒருவர் தண்ணீர் அடிக்கச் சொன்னார். இன்னொருவர் வைக்கோல் புகை போடச் சொன்னார். புகை என்றதும் என் கணவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க பசங்களத்தான் வெரட்டுவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்” என்றார் குமரேசன், மீசையெல்லாம் சேறாக.

கடைசியில் என் கணவர்தான் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் ஊர்ந்துபோய், கீழிருந்து கையை நீட்டி இன்ஜினை நிறுத்தினார். அந்தச் சாதுக்களில் மூன்று அவரைக் கொட்டின. ஒன்று மேலுதட்டில்.

“வலிக்குதாங்க?”

“ம்ப்” என்றார். உதடு வீங்கி, திட்டக்கூட முடியவில்லை. நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணி வாக்கில் கொத்து தானாகக் கலைந்து ஆற்றங்கரைப் பக்கம் பறந்துபோனது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு வயலில் வேலை இருந்ததால் குமரேசனும் போய்விட்டார். பாதி உழவோடு வயல் கிடந்தது. மறுநாள் நடவுக்கு வந்த பெண்கள் கதையை முழுதாகக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பக்கத்து வயலில் இறங்கினார்கள்.

மறுபடி ஆள் கிடைக்க எட்டு நாள் ஆனது. நாற்று நடவுப் பருவம் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. கணவர் தினமும் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து, பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அவர் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒருவழியாக நட்டு முடித்த அன்று, கால் கழுவிக்கொண்டே கேட்டார்:

“அந்த ராணிய நீ பாத்தியா, இல்லியா?”

“இல்லீங்க.”

அப்போதுதான் சிரித்தார். சிரித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை.

அதன்பிறகு உழவுக்குக் கூப்பிட்டால் குமரேசன் கேட்கும் முதல் கேள்வி, “டீச்சர் வீட்ல இருக்காங்களா?” என்பதுதான். கணவரும் காலண்டரைப் பார்த்து, “புதன்கிழமை வாங்க, அவளுக்கு ஸ்கூல் இருக்கு” என்பார். எட்டு வருடமாக எங்கள் வயலில் பள்ளி வேலைநாளில் மட்டும்தான் உழவு.

போன வாரம் கடைத்தெருவில் குமரேசனைப் பார்த்தேன். முகத்தில் நிஜமான கவலை.

“டீச்சர், வர்ற வருஷம் ரிட்டயர் ஆவுறீங்களாமே? அப்பறம் உங்க வயல யாருங்க உழுவா?”