கருத்துக் கேப்பும் கறுத்த கேப்பையும்

நெல்லடிமங்கலம்,
வியாழன் மாலை.

மஸ்கட் மாநகரில் ஏசிக்கு அடியில் விறைத்துக்கொண்டிருக்கும் மகா கனம் பொருந்திய சித்தப்பா லியோ அவர்களின் பொற்பாதங்களுக்கு (சாக்ஸ் போட்டிருந்தால் சாக்ஸுக்கு), அண்ணன் மகள் ஜாஸ்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நெல் மட்டும் ஈரம். என் போன் அம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடப்பதால் கடிதம். ஏன் பூட்டினார்கள் என்பது வேறு கதை, அதில் நான் நிரபராதி. இன்றைக்கு நடந்ததை அப்பா போனில் உங்களிடம் சொல்லும்போது, "உன் மவ ஊரையே ஏமாத்திட்டா" என்று ஆரம்பிப்பார். நம்பாதீர்கள். ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மட்டும் கொஞ்சம் உண்டு.

விஷயம் இதுதான். போன மாதம் நம் பேரூராட்சி ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பொதுச்சாலைப் பயன்பாட்டுத் துணை விதிகள், வரைவு. அதில் பதினோராம் விதி: சாலையில் தானியம் உலர்த்தக் கூடாது. அப்பா அதைப் படித்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "என் விதியே சரியில்ல. அதுக்குத் துணைக்கு ஒரு விதி வேறயா?" என்றார். நாலு மா நிலத்துக் குறுவை நெல் அறுத்துக் கிடக்கிறது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காயப்போடக் களம் எங்கே? நீங்கள் சின்ன வயதில் கிரிக்கெட் ஆடிய களத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மிச்சம் இருப்பது வீட்டு வாசல் ரோடுதான்.

நான் போய் அந்தத் தாளின் அடிவரை படித்தேன், சித்தப்பா. அடியில்தான் புதையல்! கொசு மாதிரி எழுத்தில், இது முடிவானது இல்லை, பொதுமக்கள் முப்பது நாளுக்குள் பெயர், முகவரி, கையெழுத்தோடு ஆட்சேபணையோ ஆலோசனையோ எழுதித் தரலாம், கடைசி நாளன்று கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு என்று போட்டிருந்தது. எழுத்தர் இராஜாங்கம் சாரிடம், "இதுவரைக்கும் எத்தனை வந்திருக்கு சார்?" என்று கேட்டேன். "ஒண்ணு வந்துச்சு. அதுவும் பக்கத்து வீட்டு நாயப் பத்தி" என்றார்.

நானும் என் வகுப்புத் தோழி இர்ஃபானாவும் தெருத்தெருவாக ஏறி இறங்கினோம். யாரும் கையெழுத்துப் போடவில்லை. "கவர்மெண்டு தாள்ல கையெழுத்தா? எதுக்குப் பாப்பா, பட்டா கிட்டா போயிரப்போவுது" என்று கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் இர்ஃபானாவின் அத்தா, அதாவது அவள் அப்பா, ஃபாஜிலின் ஆட்டோ ஞாபகம் வந்தது. வலங்கைமான் ஜவுளிக்கடைக்கு மைக் கட்டி விளம்பரம் செய்கிற ஆட்டோ. நேற்றுச் சாயங்காலம் அவரைக் கெஞ்சி ஊரை ஒரு சுற்று வந்தோம். நான்தான் பேசினேன். "நாளைக் காலை பதினோரு மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம், அனைவரும் வருக!" சுத்தத் தமிழ், சித்தப்பா. ஆனால் அந்த ஒலிபெருக்கிக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்பு வெளியே வரும்போது கேப்பு ஆகி, கொர்ர்ரென்று இழுத்ததில் கேப்பையாகவே, அதாவது கேழ்வரகாகவே, ஆகிவிட்டது. கருத்தை மைக் விழுங்கிவிட்டது. கூட்டங்களில் சகஜம்தானே?

இரண்டாவது தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கிற ராமாயி அக்கா ஆட்டோவை மறித்து, "கேப்பையா பாப்பா போடுறாங்க? எத்தன கிலோ?" என்று கேட்டார். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வாங்கக்கா, வந்தாத்தான் கிடைக்கும்" என்றேன். எது கிடைக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை வந்து பார்த்திருக்கணும் நீங்கள்! ஆபீஸ் வாசலில் திருவாரூர்த் தேர்க் கூட்டம். இருநூறு பேர் இருக்கும். ஆளுக்கு ஒரு பை, கையில் ரேஷன் கார்டு. செயல் அலுவலர் சுடர்விழி மேடம் வேலைக்கு வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது. அவர் கண்ணில் தண்ணீர் வராத குறை. "இவ்வளவு விழிப்புணர்வா!" என்று படம் எடுக்கச் சொன்னார். ராமாயி அக்கா முன்னால் போய்ப் பையை விரித்தார்.

"போடுங்கம்மா."

"என்னம்மா போடணும்?"

"கேப்பை."

"கேப்பையா? நாங்க கருத்துத்தாம்மா கேக்குறோம்."

"கறுத்தாப்ல இருந்தாலும் பரவால்ல, கேப்பைன்னா அப்படித்தான் இருக்கும். போடுங்க."

இர்ஃபானா சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஓட வழியில்லை. நாற்காலியில் ஏறி, "கேப்பை இல்லக்கா, ஆனா உங்க நெல்லுக்கு ஆப்பு இருக்கு, கேளுங்க!" என்று பதினோராம் விதியைச் சத்தமாகப் படித்தேன். ராமாயி அக்கா பையை மடித்து இடுப்பில் செருகினார். "ரோட்டுல காயப்போடக் கூடாதுன்னா, இந்த ஆபீசு மொட்ட மாடியிலயா காயப்போடுறது?" மேடம் பொறுமையாக, "எழுதிக் குடுங்கம்மா, வாயால சொன்னா கணக்கில வராது" என்றார். நான் எழுதினேன்: மாற்று இடம் குறித்து வரைவில் தெளிவு இல்லை, அலுவலக மொட்டை மாடி பரிசீலிக்கப்படலாம். அக்கா கைநாட்டு வைத்தார். அப்புறம் வரிசை கட்டிவிட்டது. நானும் இர்ஃபானாவும் எழுதி எழுதி விரல் வீங்கிப்போனோம்.

எதிர்க்கட்சியும் இருந்தது. தையற்கடை கமருன்னிஸா அக்கா, "போன வருசம் இவங்க நெல்லுல ஸ்கூட்டி வழுக்கி என் முட்டி பேந்துச்சே, அத யாரு எழுதுவா?" என்றார். நியாயம்தானே? அதையும் எழுதினேன், முட்டிக்கு அடிக்கோடு போட்டு.

அப்புறம்தான் அதிசயம். அப்பா எழுந்தார். கல்யாண வீட்டில் மைக்கைக் கண்டாலே பந்திக்கு ஓடுகிற குழந்தைராஜ், சித்தப்பா! சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "ஈரம் போவலன்னா மூட்டைய எடுக்க மாட்டாங்க மேடம். களத்த நீங்க எடுத்துக்கிட்டீங்க. இப்ப எங்களுக்கு வெயிலு ரோட்டுலதான் கிடைக்குது" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மேடம் பேனாவை எடுத்து அவரே குறித்துக்கொண்டார். அறுவடை மாதங்களில் பாதி ரோடு மட்டும், ஓரத்தில் கல் வைக்காமல் சிவப்புக் கொடி, அஞ்சு மணிக்குள் அள்ளிவிட வேண்டும், புதுக் களத்துக்கு இடம் பார்க்க வேண்டும். இப்படித் திருத்தி மன்றத்தில் வைப்பதாகச் சொன்னார். நூற்று எண்பத்தேழு மனு, சித்தப்பா! எல்லாவற்றுக்கும் சீல் குத்தி ரசீது. கடைசி ரசீது அப்பா சொன்னதை நான் எழுதிக் கொடுத்த மனுவுக்கு, அதை அவர் பர்ஸில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ஆகவே, ஏமாற்றினேன் என்று யாராவது சொன்னால் நீங்கள் எனக்குத் துணை. (விதி அல்ல.) வேளாங்கண்ணி மாதா உங்களுக்கு லீவும், உங்கள் சூப்பர்வைசருக்கு நல்ல புத்தியும், உங்கள் பெட்டியில் எனக்கு ஒரு ஹெட்போனுக்கு இடமும் அருளுவாராக.

இப்படிக்கு,
நெல்லடிமங்கலம் நெற்காப்பு இயக்கத் தலைவி,
ஜாஸ்லின்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது இராஜாங்கம் சார் சைக்கிளில் வந்து நின்றார். கையில் அப்பாவின் மனு. வாசலில் காயும் நெல்லைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இந்த ரோட்டுக்கா எழுதிக் குடுத்தீங்க? இது பேரூராட்சி ரோடே இல்லையே, நெடுஞ்சாலைத் துறை ரோடு. எங்க விதி இங்க செல்லாது. உங்க மனு தள்ளுபடி" என்றார். அம்மா தலையில் கை வைத்துவிட்டார். "அப்ப நாங்க இங்க காயப்போடலாமா, கூடாதா சார்?" என்று கேட்டேன். "அதுக்கு நெடுஞ்சாலைக்காரங்கதான் கருத்துக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் உடனே வெள்ளைத்தாள் எடுத்தேன். அப்பா பிடுங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சும்மா இரு. அவங்க கேக்குறதுக்குள்ள காஞ்சிரும்" என்று நெல்லைக் கிளறிவிடப் போய்விட்டார்.