சக்கரம் வைத்த சுவர்

மட்டாஞ்சேரியில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் பாண்டியராஜ் தன் வீட்டு வெளிச்சுவர் ஒன்றை உள்பக்கமாக மூடிவிடத் தீர்மானித்தார். சட்டத்தை மீறும் எண்ணம் அவருக்கு எள்ளளவும் இல்லை. சுவர் நனைந்தது, அவ்வளவுதான்.

மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சந்தில், மேற்கே பார்த்து நிற்கிற பழைய செங்கல் வீடு அது. சுவருக்கு வெளியே பூச்சு கிடையாது. காலையில் மழை அடித்தால் மத்தியானத்துக்குள் ஈரம் உள்ளே வந்துவிடும். இதுவரை அந்த அறையில் ஓட்டை சைக்கிளும் காலி டின்களும் ஒரு இரும்பு பீரோவும்தான் குடியிருந்தன. அவை புகார் ஏதும் சொன்னதில்லை. இந்த வருஷம் மகள் ரோஜா தலைப்பிரசவத்துக்குத் தென்காசியிலிருந்து வருகிறாள்.

"பச்சைப் புள்ளைய இந்தச் செவத்தோரம் போட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும். வைகாசில இடவப்பாதி மழை வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி வீரலட்சுமி.

கட்டட வேலை பார்க்கும் வெங்கிட்டு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "செவத்துல இருந்து ரெண்டு விரல் தள்ளி மரச்சட்டம் அடிச்சு, சிமெண்ட் போர்டு போட்டு மூடிரலாம். ஈரம் செவத்தோட நின்னுக்கும். ஆனா ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க அண்ணே. உங்க சந்து இப்போ பாரம்பரியச் சந்து."

சந்து முனையில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்ததைப் பாண்டியராஜும் பார்த்திருந்தார். பல் டாக்டர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பாரம்பரியத் தோற்றப் பாதுகாப்புக் குழுவின் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் சங்கர்ராம் அவரை உட்காரச் சொன்னார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தங்கமான மனிதர். விதிகளின்மேல் அவருக்கு இருந்த பாசம், பெற்ற பிள்ளைகள்மேல் சிலருக்கு இருப்பதைவிட அதிகம்.

"வெளிச்சுவரைத் தொடப்படாது, சேட்டா."

"வெளியே தொடலை சார். உள்பக்கம்தான்."

"எந்தச் சுவரோட உள்பக்கம்?"

"வெளிச்சுவரோட."

"அப்போ வெளிச்சுவர்தானே? உங்க சட்டையோட உள்பக்கம் உங்க சட்டை இல்லையா?"

பாண்டியராஜ் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தொடாம, ரெண்டு விரல் தள்ளி வச்சா?"

"அப்போ அது புதுச் சுவர். புதுச் சுவர்னா புதுக் கட்டடம். பழைய கட்டடம் நிக்கற இடத்தில புதுக் கட்டடம் வரணும்னா பழசை இடிச்சிருக்கணும். பழசை இடிக்கப்படாது."

"அப்போ ஈரத்துக்கு என்ன சார் வழி?"

"ஈரத்துக்கு விதியில தடையே இல்ல சேட்டா. அது தாராளமா வரலாம்."

என்றாலும், நேரில் வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார், வந்தும் பார்த்தார். நனைந்த சுவரில் பரவியிருந்த கறையை ரசித்துப் பார்த்து, இலங்கை மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினார். வீரலட்சுமி சாயா கொடுத்தாள். கொடுத்த கையோடு கேட்டாள்:

"சார், உங்களுக்குப் பேரன் பேத்தி உண்டா?"

"ஒரு பேத்தி. ஆறு மாசம்."

"அதை இந்தச் செவத்தோரம் படுக்க வைப்பீங்களா?"

சங்கர்ராமின் கண் கலங்கிவிட்டது. அரசாங்கக் கண்தான், இருந்தாலும் கலங்கியது. சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூலையில் நின்ற பீரோவைப் பார்த்ததும் நின்றார்.

"இதுக்கு அனுமதி வாங்கினேளா?"

"பீரோவுக்கு எதுக்கு சார் அனுமதி?"

"அதே! பீரோவுக்கு அனுமதி வேண்டா. சுவர் முன்னாடி பீரோ வைக்கப்படாதுன்னு எந்த விதியும் இல்ல. நீங்க சுவரை மூடாதீங்கோ. ஒரு பீரோ வைங்கோ."

"எவ்வளவு பெரிய பீரோ சார்?"

சங்கர்ராம் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு பார்வை பார்த்தார். "சுவர் அளவுக்கு."

வெங்கிட்டு அதே மரச்சட்டத்தை அடித்தார். அதே சிமெண்ட் போர்டைப் போட்டார். அதே இரண்டு விரல் இடைவெளியை விட்டார். ஆனால் இந்த முறை அது பீரோ. சரிபார்க்க வந்த சங்கர்ராம், "கதவு எங்கே?" என்றார். திறக்காத பீரோ சுவராகக் கருதப்படுமாம். ஆறு கதவு வைத்தார்கள். "உள்ளே சாமான் எங்கே?" என்றார். வீரலட்சுமி ஒரு புடவையை மடித்து வைத்தாள். கடைசியாகச் சங்கர்ராம் தோளைக் கொடுத்து அதைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"நகராத பீரோவும் சுவர்தான் சேட்டா. சக்கரம் வைங்கோ."

அரிசிக் கிடங்கில் மூட்டை தள்ளுகிற ட்ராலியின் பழைய சக்கரங்கள் கிடைத்தன. சுவர் அளவு பீரோ உருண்டது. சங்கர்ராம் கை தட்டினார்.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாயும் சேயும் காய்ந்த அறையில், சிமெண்ட் போர்டுக்கு இந்தப் பக்கம் கதகதப்பாகத் தூங்கினார்கள். அந்தப் பக்கம் சுவர் தன் இஷ்டத்துக்கு நனைந்தது. பாண்டியராஜ் அந்தச் சந்தோஷத்தில் கடையில் யாருக்கெல்லாமோ இரண்டாம் தடவை சால்னா ஊற்றினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பாரம்பரியச் சுவர் சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கக் குழுவின் தலைவி ஜெயலக்ஷ்மி காக்கநாட்டிலிருந்து காரில் வந்து இறங்கினார். அங்கே ஒரு அடுக்குமாடியில், மேகம் தட்டுகிற உயரத்தில் அவருக்கு ஃப்ளாட் இருந்தது. ரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். பாண்டியராஜும் சங்கர்ராமும் தள்ள, பீரோ கடகடவென்று உருண்டு விலகியது. பின்னால் செங்கல் சுவர் பச்சைப் பாசி பிடித்துப் பரம சௌக்கியமாக நின்றது.

ஜெயலக்ஷ்மி சுவரைப் பார்க்கவே இல்லை. பீரோவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேர்மையான படைப்பு! இது சுவரை மறைக்கலை. சுவரோட பேசுது."

"என்னங்க, செவரு பேசுதாமா?" என்று வீரலட்சுமி கணவர் காதில் கேட்டாள்.

"சும்மா இரு. நல்லதாத்தான் ஏதோ சொல்றாங்க."

அடுத்த மாதமே ஜெயலக்ஷ்மியின் ஃப்ளாட்டில் சக்கரம் வைத்த சுவர் ஒன்று வந்தது. அங்கே ஈரம் கிடையாது; மழையே அவர் ஜன்னலுக்குக் கீழேதான் பெய்யும் என்பார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 'மட்டாஞ்சேரி சுவர்' என்று அதற்குப் பெயர் வந்தது. புதுச் சக்கரம் வைத்தால் நாகரிகமில்லையாம். கிடங்கில் உழைத்துத் தேய்ந்த சக்கரமாகத்தான் இருக்க வேண்டுமாம். பஜாரில் இருந்த ட்ராலிகளின் சக்கரமெல்லாம் காக்கநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. சுமைக்காரர்கள் மூட்டையைப் பழையபடி தலையில் தூக்கினார்கள். அதையும் நின்று போட்டோ எடுத்தவர்கள் உண்டு.

மட்டாஞ்சேரிக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? சந்தில் வீட்டுக்கு ஒன்று முளைத்தது. உடனே குழு கூடி ஆராய்ந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பொருள் இருக்கிறதென்றால் அது அந்த இடத்தின் பாரம்பரியம் என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆகவே இனிமேல் சந்திலுள்ள ஒவ்வொரு வீட்டிலும், ஈரச் சுவரின் முன்னால், சக்கரம் வைத்த பீரோ கட்டாயம் என்று உத்தரவாயிற்று. சந்து முழுக்க அதைச் சரிபார்க்கக் குடியிருப்போர் பிரதிநிதியாகப் பாண்டியராஜையே நியமித்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள். பரோட்டாவுக்கு மாவு வீசும்போதும் அவர் அதைக் கழற்றுவதில்லை.

எதிர்வீட்டை வாங்கிக் குடிவந்தவர் வைத்தீஸ்வரன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவுக்கு அடங்கி, முறைப்படி கதவும் சக்கரமும் வைத்து, பாண்டியராஜைச் சரிபார்க்க அழைத்தார். பாண்டியராஜ் பீரோவை உருட்டினார். பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன சார், காய்ஞ்சு கிடக்கு?"

"வீடு கிழக்கே பார்த்தது. மழை இந்தப் பக்கம் அடிக்கறதில்ல."

"உத்தரவுல ஈரச் சுவருன்னு இருக்கே."

"ஈரமில்லேன்னா நல்லதுதானே, ஐயா?"

"உங்களுக்கு நல்லது சார். சந்துக்கு? ஈரமில்லாத செவத்து முன்னாடி நின்னா இது வெறும் பீரோ. வெறும் பீரோவை நான் கணக்குல சேர்க்க முடியாது."

"நான் என்னதான் பண்ணறது?"

"மழையை நம்பி உக்காந்திருக்காதீங்க. நீங்களே ஏதாவது ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார் பாண்டியராஜ், மிகுந்த பரிவோடு.

வீரலட்சுமிக்கு எப்போதுமே இளகிய மனசு. புதிதாக வந்தவர் எங்கே போய்த் தேடுவார் என்று தன் வீட்டு ஓஸ் பைப்பையே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை வைத்தீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று, நல்ல வெயிலில், தன் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். சந்தில் போனவர்கள் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மேல் மூலையில் இன்னும் நனையவில்லை என்று சுட்டிக்காட்டிவிட்டு, தங்கள் வழியே போனார்கள்.