மலையைச் சுத்தம் செய்த வகையில் ஒரு முறையீடு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் ஒரே கூரையின் கீழ் சௌக்கியமாக இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. அங்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்காவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற உங்கள் தங்கை, காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வயதில், மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். தார் ரோடு கிடையாது. கல், முள், சேறு. யாரும் துரத்தவும் இல்லை. பயிற்சி கொடுப்பவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வாரம் முழுக்க ஊராரைப் படியேறவிடாமல் மேலே அனுப்பிவிட்டு, அந்தப் பாவத்தைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை இவளையும் கூட ஓடுகிறவர்களையும் மலையேற்றுகிறார். ஏற்றத்தில் உங்கள் தங்கை நன்றாகவே போகிறாளாம். இறக்கத்தில்தான் தகராறு. சரளைக் கல்லைக் கண்டால் கால் கூசி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு அடியாக வைப்பாளாம். "இப்படி இறங்கினீங்கன்னா போட்டி அன்னிக்கு இருட்டிடும்மா" என்று லிஃப்ட்காரர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் பழகுகிறாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, "யாருங்க உருள்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அவர்கள் ஒரு வழியாக ஏறி, இன்னொரு வழியாக இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வருவதாக ஏற்பாடு. அவர்கள் ஓடிப்போனதும், இறங்கி வருகிற பாதையில் நான் காலாற நடந்தேன். பார்த்தால் மரத்துக்கு மரம் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாடா! மச்சான், நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகவே தலை நரைத்தவன் நான். எவனோ பிறந்தநாள் கொண்டாடிவிட்டு இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே என்று வயிறு எரிந்தது. ஒன்று விடாமல் அவிழ்த்தேன். எட்டாததைக் குச்சியால் இழுத்தேன். பை நிறைந்துவிட்டது. கீழே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்து, லிஃப்ட்காரர் வந்தால் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை. பிளாஸ்கில் கொண்டுபோன காப்பிகூட ஆறிவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு திசையிலிருந்து, தலையெல்லாம் இலையும் சருகுமாக, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உங்கள் தங்கையை மட்டும் காணோம். "வழி தெரியறதுக்காக நேத்து பூரா நாயா அலைஞ்சு நாடா கட்டினேன். எந்தப் புண்ணியவான் அவுத்தானோ!" என்று லிஃப்ட்காரர் கத்தினார். பை என் மடியில் இருந்தது. மெல்லத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினேன். அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

கடைசியில் வந்தாள், மச்சான். யாரும் இறங்காத ஒரு சரளைச் சரிவிலிருந்து, முழங்கையில் சிராய்ப்போடு, நேராக, ஓட்டமாக வந்தாள். "நின்னாத்தான் சறுக்குது! ஓடினா சறுக்கவே இல்ல!" என்று கூவிக்கொண்டே வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் என்னை மறந்து எழுந்து தட்டினேன். மடியில் இருந்த பை கவிழ்ந்து, நாடா அத்தனையும் அவள் காலடியில் கொட்டியது. அன்றைக்கு மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை.

ஆகவே, தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நாடா கட்டினால்தான் வழி தெரியும் என்கிற இடத்தில் குடும்பப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேளுங்கள். மச்சான், இதெல்லாம் பேச்சுக்குத்தான். அவளைக் காணாமல் நான் உட்கார்ந்திருந்தேனே, அதை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது. அதுதான் உண்மை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு வணக்கம். வரும்போது முழங்காலுக்குத் தைலம் மறக்க வேண்டாம். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கி முழுதும் படித்துவிட்டாள். 'அதுதான் உண்மை' என்று முடிகிற பத்தியை இரண்டு தரம் படித்தாள். பிறகு வாய் திறந்தாள். "அண்ணன் வர வேண்டாம். நீங்க வாங்க. ஓட்டம் முடியற எடத்துல, நான் எறங்கி வர்றப்ப கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. ஆனா ரெண்டு கையும் பாக்கெட்டுக்குள்ளதான் இருக்கணும்." ஆகவே மேலே கண்டதையெல்லாம் மறந்துவிடவும், புறப்பட வேண்டாம். என் கால்சட்டைகளில் பாக்கெட் எல்லாம் கிழிந்து கிடக்கிறது. உங்கள் அளவும் என் அளவும் ஒன்றுதானே? பாக்கெட் நல்ல ஆழமாக உள்ள கால்சட்டை ஒன்றை அவசரமாக அனுப்பி வைக்கவும்.