நாக்கில்லாத நெல்

மதிப்பிற்குரிய சித்திக்கு,

அக்கா மகள் அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே உங்கள் உடம்பும் பயிற்சி வகுப்பும் நலம் என்று நம்புகிறேன். வீட்டின் பின்புறத் தொட்டி நலமா என்பதை மட்டும் ஒரே வரியில் எழுத முடியவில்லை. தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் ஆய்வுப் பண்ணையில் கண்ணாடிக் கூரை உடைந்துவிட்டதால், உங்களிடம் மிஞ்சியிருந்த அந்தப் பழைய ரக நெல்லின் கடைசி விதைகளை எங்கள் சிமெண்ட் தொட்டியில் ஊன்றினீர்கள். வயலிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டியதும் நீங்கள்தான். "கண்ணு, உன்னை நம்பித்தான் போறேன், நெல்லு மாதிரி இல்லாததையெல்லாம் பிடுங்கிடு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினீர்கள். நான் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தேன், சித்தி. அதுதான் வினையாகிவிட்டது. தப்பு நடக்கக் கூடாது என்று பாடப்புத்தகத்தைத் தொட்டி ஓரம் விரித்து வைத்துக்கொண்டேன். படத்தில் நெல் பச்சையாக, நேராக, அணிவகுப்பு போல நின்றது. தொட்டியில் பாதி அப்படியே நின்றது. மீதியோ அடித்தண்டு ஊதா நிறம், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, எல்லாமே கோணல், தூங்கி எழுந்த தலை மாதிரி. கோணலாக இருந்ததையெல்லாம் பிடுங்கினேன். அம்மாவும் உதவிக்கு வந்து, "ஏண்டி, எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு, இதுல எது களை?" என்று கேட்டாள். "தனியா தெரியுதுல்ல, அதுதாம்மா களை" என்றேன். "அப்படிப் பார்த்தா இந்த வீட்ல முதல்ல உன்னைத்தான் பிடுங்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவளும் பிடுங்கினாள். தொட்டி அவ்வளவு அழகாகிவிட்டது. மாடிவீட்டு டிரைவர் மாமா எட்டிப் பார்த்து, "நெல்லுன்னா இதுதாம்மா நெல்லு!" என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் அலமாரியிலிருந்த பெரிய புத்தகத்தை எடுத்துப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். நெல் வயலில் ஒரு புல் வளருமாம். பல நூறு ஆண்டுகளாக மனிதர்கள் குனிந்து, கண்ணில் பட்ட புல்லையெல்லாம் பிடுங்கினார்களாம். கண்ணில் படாதது மட்டும் விதை விட்டது. அதன் பிள்ளைகளிலும் கண்ணில் படாதவை மட்டும் பிழைத்தன. நெல்லைப் போல நில் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, நம் கண்ணே அதைச் செதுக்கிவிட்டது. நெல்லின் உயிரணுவில் இரண்டு மரபுத் தொகுதிகள்தான் உண்டு, இந்தப் புல்லுக்கோ ஆறு. எப்போதோ மூன்று புல்லினங்கள் ஆளுக்கு இரண்டு தொகுதியோடு ஒன்றாகக் கலந்து, யாரும் யாரையும் வெளியேற்றாமல் ஒரே வீட்டில் குடியிருக்கின்றனவாம். ஒரே வேலைக்கு மூன்று ஆள் இருப்பதால் ஒருவர் உழைத்தால் போதும், மற்றவர்கள் சும்மா இருந்து வேறு முகம் பழகலாம். "உங்க ஆபீஸ் மாதிரிப்பா" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. ஓட்ஸ்கூடக் கோதுமை வயலில் ஒளிந்து வளர்ந்த களைதானாம், ஒளிந்து ஒளிந்தே பயிராகிவிட்டதாம்.

படித்து முடித்தபோதுதான் புரிந்தது, நீங்கள் கொட்டிய வயல் மண்ணோடு அந்தப் புல்லின் விதையும் வந்திருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் குப்பைக் குழியில் காய்ந்து கிடக்கிறது, சித்தி. நான் பார்க்காமல் விட்டவைதான் நான் ஊற்றும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொட்டியில் நிற்கின்றன. இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்னதாக வெள்ளை நாக்கு இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாக இலையை விலக்கிப் பார்த்தேன். நாக்கு இல்லை. அடுத்ததிலும் இல்லை. வரிசை வரிசையாக, இவ்வளவு ஒழுக்கமாக, ஒன்றுக்கும் நாக்கு இல்லை. காற்று நின்ற பிறகும் அவை ஒன்றாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நான் அவற்றைச் சோதிப்பது போலத் தோன்றவில்லை. அவைதான் என்னைப் பார்த்து, எது எனக்குப் பிடிக்கும் என்று குறித்துக்கொள்வது போல இருந்தது.

கடைசியில் குழாயடி மூலையில் ஒன்றே ஒன்று, ஊதா அடியோடு, மெலிந்து, கோணலாக நின்றது. இலையை விலக்கினேன், நாக்கு இருந்தது! அழுதுவிட்டேன். உங்கள் நெல்லில் இந்த உலகத்தில் மிச்சம் அது மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்று குனிந்தால், பழகிப்போன என் கை நேராக அந்த ஊதாத் தண்டுக்கே போகிறது. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அது தவறிப்போகாமல் இருக்கச் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருக்கிறேன். அப்பாவோ, "கொசுப் பண்ணையா நடத்துறீங்க? ஞாயித்துக்கிழமை தொட்டியைக் காலி பண்றேன்" என்கிறார். வகுப்பில் விடுப்பு சொல்லிவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். உங்களுக்கு மட்டும்தான் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும்.

அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார். பெரியவர்களுக்கு என் வணக்கம், உங்களோடு படிப்பவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நீங்கள் அவசரமாக வர வேண்டாம். அப்பா மனம் மாறிவிட்டார். இன்று காலை தொட்டி முன்னால் வெகுநேரம் நின்று, "எவ்வளவு ஒழுங்கா வந்திருக்கு! இதைப் போய் யாராவது அழிப்பாங்களா?" என்று தானே தண்ணீர் ஊற்றினார். அம்மாவுக்கும் சந்தோஷம். "மூலையில ஒரு களைக்கு நூல் கட்டி வெச்சிருந்தியே, நீ பள்ளிக்கூடம் போனப்ப நானே பிடுங்கிட்டேன், குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சு" என்றாள். கதிர் முற்றியதும் உங்களுக்காக விதை எடுத்து, உறையில் உங்கள் நெல்லின் பெயரை எழுதிப் பத்திரமாக வைப்பதாக அப்பா சொல்லச் சொன்னார்.