முத்திரை உடையாத வேகன்

பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு ரகம். வாங்கி உடைக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு பேரையும் பார்த்து வயிறெரிவதற்கென்றே மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. இவர்கள் புதுச் சட்டை போட்டால் உட்கார மாட்டார்கள். புதுப் பேனாவைப் பையில் குத்திக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உங்களிடம் பேனா கேட்பார்கள். புதுக் குடையோடு கிளம்பி, மழை வந்ததும் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நனைந்து வருவார்கள். கேட்டால், "குடை நனைஞ்சிடும்ல?" என்பார்கள்.

இந்த இனத்தில் முதல் தரமான ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ரயில் காட்சியகத்துக்கு வாருங்கள். இரண்டாவது கொட்டகை. செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவரே விடச் சொல்வார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, அது அங்கே யாருக்கும் தெரியாது. 'தொடாதீங்க சார்' என்றால்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அந்த நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. எப்படித் தொலையும்? வெளியே போனால்தானே?

ஓய்வு பெற்ற மறுவாரமே சம்பளமில்லாத தொண்டராகக் காட்சியகத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய கையில் அந்த வேகன் சிக்கியது.

வேகனின் கதை சின்னது. எழுபது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்குவாரிக் கம்பெனி, வெளிநாட்டிலிருந்து மூன்று சரக்கு வேகன்களை வரவழைத்தது. இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடுகிற குட்டி வேகன்கள். நேரோ கேஜ் என்பார்கள். கப்பல் வந்தது, வேகன்கள் வந்தன, தண்டவாளம் வரவில்லை. அதற்குள் கம்பெனியே படுத்துவிட்டது. மூன்றும் கிடங்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து கிடந்து, கடைசியில் காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. காட்சியகத் தலைவர் இரண்டை உடனே எண்ணெய் விட்டுத் தண்டவாளத்தில் ஏற்றினார். அவை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகின்றன. மூன்றாவதன் பக்கத்தில் போய் இவர் நின்றுகொண்டார்.

"சார், இது ஒரு அடிகூட ஓடாத வண்டி. இதுல ஒரு கல்லுகூட ஏறினதில்ல. பலகையில ஒரு கீறல் இல்ல. உலகத்துலயே இந்த மாதிரி எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். தலைவருக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத தலைவர்கள் தலையாட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அன்றிலிருந்து ஆரம்பித்தது பூஜை. காலை ஒன்பது மணிக்குக் கையுறை மாட்டுவார். ஓவியம் வரைகிற மெல்லிய தூரிகையால் பலகை பலகையாகத் தூசி தட்டுவார். தட்டிய தூசியை ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைப்பார், அதுவும் பழைய தூசியாயிற்றே. வேகனைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றைச் சுற்றி இன்னொரு கயிறு. பார்க்க வருகிறவர்கள் குனிந்தால், "மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விடுங்க" என்பார். எல்லாவற்றையும்விட அவர் உயிரை வைத்திருந்தது நாலு சக்கரத்திலும் இருந்த அச்சுப் பெட்டிகளில். சக்கரத்தின் அச்சு உட்கார்ந்து சுழல்கிற இரும்புப் பெட்டி அது. அதன் மூடியைக் கம்பியால் கட்டி, நங்கூரப் படம் போட்ட ஈய முத்திரை வைத்திருந்தார்கள். நாலு பெட்டி, நாலு முத்திரை, நாலும் உடையாதவை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கத் திங்கட்கிழமைதோறும் எண்ணெய்க் குவளையோடு வருவார் காட்சியகத்தின் பிட்டர் அம்மா. இஞ்சினிலிருந்து கதவுக் கீல்வரை அங்கே ஓடுகிற எல்லாம் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது.

"சார், மூடியத் திறந்து ஒரு சொட்டு விட்டுடறேன்."

"தொடாதீங்க. உள்ள இருக்கிற கிரீஸ் கப்பல்ல வந்தது."

"கப்பல்ல வந்த கிரீஸ் இந்நேரம் கல்லாயிருக்கும் சார். மத்த ரெண்டுலயும் பார்த்தேனே. வந்து நீங்களும் ஒரு தடவை அந்த மூடியத் தொறந்து பாருங்க, அதுல என்ன போட்டிருக்குன்னு…"

"ஓடின வண்டியில பார்க்க என்னம்மா இருக்கு?"

இப்படியே இரண்டு வருடம், நூறு திங்கட்கிழமை. ஆள் அசையவில்லை. வேகனும் அசையவில்லை.

வீட்டில் மட்டும் வேறு மாதிரியா இருப்பார்? மகள் வாங்கி அனுப்பிய பீங்கான் தட்டுகள் ஒன்பது வருடமாகப் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. மகளே வந்தாலும் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பாடு. அவருடைய மனைவி அண்டை வீட்டாரிடம் இதைச் சொல்லும்போது கோபப்படுவதில்லை. "என்னையும் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாரு. அப்புறம் யாரு சமைக்கிறதுன்னுதான் வெளிய விட்டு வச்சிருக்காரு" என்பார்.

போன மாதம்தான் இடி விழுந்தது. தலைவர் ஒரு கடிதத்தோடு கொட்டகைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், கொட்டகையில இடமில்ல. ஓடாததை எல்லாம் வெளிய எடுக்கச் சொல்லி மேலிடத்துலேர்ந்து எழுதிட்டாங்க. பூங்காக்காரங்க நம்ம வேகனைக் கேட்கிறாங்க."

"எதுக்கு?"

"எதிர்ல இருக்கிற அவங்க வாசல்ல வைக்க. மண்ணு கொட்டிப் பூச்செடி வைக்கிறாங்களாம்."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஸ்டூலும் பழம்பொருள்தான், அதில் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதி வைத்தவரே அவர்தான். கீறல் விழாத பலகை, அதன்மேல் ஈர மண், அந்த மண்ணில் புழு!

"வியாழக்கிழமை மேலிடத்து ஆளு சோதனைக்கு வர்றாரு. பாரத்தோட ஒரு சுத்து ஓடிட்டா நம்மகிட்டயே இருக்கும்" என்றார் தலைவர்.

"பாரம்னா… பஞ்சு மூட்டை ஏத்தலாமா?"

"கல்லு சார். கல்லு ஏத்தச் செஞ்ச வண்டிதானே?"

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி காரணம் கேட்டார். பூச்செடி என்றார்.

புதன்கிழமை காலை ஒத்திகை. கிரேனில் தூக்கி வேகனைத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். அடியில் மெத்தை விரிக்கலாமா என்று அவர் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முத்திரையைத் தொடாமல் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தார். குட்டி இஞ்சின் இழுத்தது. வேகன் நகர்ந்தது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை! நாலு சக்கரமும் தண்டவாளத்தை அறுத்துக்கொண்டு கிரீச்சென்று வழுக்கி வந்தன. கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு தொடாதீங்க சார் கூடவே ஓடினார்.

பிட்டர் அம்மா இஞ்சினிலிருந்து இறங்கி வந்தார். "இன்னும் பத்தடி இழுத்தா சக்கரம் ஒரு பக்கம் தேஞ்சு சப்பையாயிடும். உடைக்கட்டுமா சார்?"

அவர் வேகனைப் பார்த்தார். எதிரே பூங்கா வாசலைப் பார்த்தார். பூங்காக்காரர்கள் அங்கே சுண்ணாம்பால் இடம் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"மூணை உடைச்சிட்டு ஒண்ணை மட்டும் விட்டுட முடியுமா?"

"ஒரு சக்கரத்தைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிட்டு மூணுல ஓட்டலாங்கிறீங்களா?"

நாலு முத்திரையையும் அவரே எடுத்தார், நகவெட்டியால். பிட்டர் அம்மா கொண்டுவந்த சுத்தியல் சும்மா கிடந்தது. முதல் மூடி திறந்தது. உள்ளே கிரீஸ் கருங்கல்லாக இருந்தது. மூடியின் உட்புறத்தில் வார்ப்பிலேயே ஒரு படம் இருந்தது: ஒரு கை, கையில் எண்ணெய்க் குவளை, கீழே வட்டமாகப் பன்னிரண்டு கோடுகள்.

"மாசா மாசம் எண்ணெய் விடுன்னு செஞ்சவனே போட்டிருக்கான் சார். இந்த முத்திரை கப்பல்ல வர்றப்ப மூடி திறந்து உப்புத் தண்ணி உள்ள போகாம இருக்க வச்சது. இறங்கின அன்னிக்கே உடைச்சிருக்கணும். இதைத்தான் ரெண்டு வருஷமா கத்திட்டிருக்கேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. வேகனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடல் தாண்டி வேலைக்கென்று வந்ததை, வந்த வாசலிலேயே எழுபது வருடம் நிற்க வைத்தாயிற்று. அதில் கடைசி இரண்டு வருடம் தன்னுடைய கணக்கு. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "குவளையைக் கொடுங்கம்மா" என்றார். சாயங்காலம்வரை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினார்கள். அவருடைய சட்டை பாழாயிற்று. நல்லவேளை, பழைய சட்டைதான்.

வியாழக்கிழமை கல் ஏற்றினார்கள். முதல் கல் பலகையில் விழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வேகன் ஓடியது. சத்தமே இல்லாமல், வளைவில் லேசாகச் சாய்ந்து, தோட்டத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சோதிக்க வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தொடாதீங்க சார் ஒரு ஓரமாகத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அவர் அழுததைப் பார்த்தேன் என்று பிட்டர் அம்மா சொல்கிறார். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று அவர் சொல்கிறார்.

கல்லை இறக்கியதும் உள்ளே குனிந்து பார்த்தார். பலகையின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கீறலைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினார். பிட்டர் அம்மா துடைப்பத்தோடு கிட்டே வந்தார்.

"தொடாதீங்க! இதுதான் முதல் கீறல்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் எடுங்கள். எழுத்தெல்லாம் மங்கிப்போன அந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் ஏன் கழற்றவில்லை? சரி, இப்போதே கழற்றிவிடுங்கள். கழற்றிவிட்டீர்களா? நல்லது. அந்த உறையை மடித்து மெத்தைக்கு அடியில் ஏன் வைக்கிறீர்கள்?