கழுத்தில் இரண்டாவது எலும்பு

"வைதேஹி, சீக்கிரம் வா! என் தலை திரும்பமாட்டேங்கறது!"

வைதேஹி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். சௌரிராஜன் பாயில் உட்கார்ந்து இடப்பக்கச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். அவள் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"இங்கே இருக்கேன். என்னைப் பார்த்துப் பேசுங்கோ."

"பார்க்க முடிஞ்சா உன்னை ஏன் கூப்பிடறேன்?"

கழுத்து பிடித்துக்கொள்ள அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் திருச்சியில், அவர் வேலை பார்க்கும் ஹைஸ்கூல் ஹாலில், மாஜிக் லாந்தர் படங்களோடு அவருடைய பிரசங்கம். தலைப்பு, 'நம் கழுத்தும் நம் மூடநம்பிக்கைகளும்'. ரொம்ப நாளாக அவர் அங்கே ஆக்டிங், அதாவது தற்காலிக, சயன்ஸ் வாத்தியார். பள்ளிக் கமிட்டியின் தலைவர், பெரிய டாக்டர், நேரில் கேட்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டி படுக்கையோடு மாமனார் வீடுதான்.

அந்த நிலையிலும் வாத்தியார் புத்தி போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே பாடம் நடத்தினார்.

"கழுத்துல ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்."

"இப்போ ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன வந்தது?"

"கேளு. முதல் எலும்பு மண்டையைத் தாங்கறது. 'ஆமாம்'னு தலையாட்டறோமே, அது அங்கேதான். ரெண்டாவது எலும்புல ஒரு முளை இருக்கு. அதைச் சுத்தித்தான் 'இல்லை'ன்னு ஆட்டறது. எனக்கு 'ஆமாம்' வரது. 'இல்லை' வரலை."

"இந்த வியாதி கல்யாணமான புதுசுலேயே வந்திருக்கப்படாதோ!" என்றாள் வைதேஹி.

ஆனாலும் உள்ளே போய் உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு வந்து ஒத்தடம் கொடுத்தாள். நிரந்தர வேலையின் மேல் அவளுக்கும் ஆசை இருந்ததால் உப்பு சற்று அதிகமாகவே சுட்டுவிட்டது. சௌரிராஜன் துள்ளிய துள்ளலில், இதுவரை கழுத்தோடு நின்ற வலி தோள்பட்டைக்கும் வந்து சேர்ந்தது.

"அடுத்தாத்துக் கோதைநாயகி காலால பிறந்தவளாம்," என்று வைதேஹி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "அவளை வந்து ஒரு உதை விடச் சொல்லட்டுமா?"

பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்தவர்கள், சுளுக்குப் பிடித்த இடத்தைக் காலால் தடவி லேசாக ஓர் உதை விட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த வைத்தியம். சௌரிராஜனுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"இந்த மடத்தனத்தை ஒழிக்கத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்! அதுவும் ஒரு பொம்மனாட்டி கையால... காலால... போ உள்ளே!"

சவரமாவது செய்துகொள்ளலாம் என்று பரியாரியை வரவழைத்தார். வந்தவர் இவர் முகம் முழுக்கச் சோப்பைக் குழைத்துப் பூசிவிட்டு, தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அடடே, கழுத்து பிடிச்சிருக்கா? ஒரு நெட்டி எடுத்துடட்டுங்களா, சாமி?"

வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகும். கழுத்தெலும்புகளுக்குள்ளே தண்டுவடம் ஓடுகிறது, அதற்கு ஒன்று ஆனால் கை கால் போய்விடும் என்று மணிக்கணக்கில் பாடம் எடுத்த மனிதர். பதறிப்போய், வேண்டாம் என்று தலையாட்டப் பார்த்தார். இரண்டாவது எலும்பு அசையவில்லை. முதல் எலும்பு மட்டும் மேலும் கீழும் நன்றாக ஆடியது.

"இதோ, ஒரே நிமிஷம்," என்றார் பரியாரி.

'மடக்'கென்று ஒரு சத்தம். சௌரிராஜன் கண்ணைத் திறந்தபோது வலப்பக்கச் சுவர் தெரிந்தது.

"பாத்தீங்களா, திரும்பிடுச்சு!"

"திரும்பிடுத்து சரி! மறுபடி நடுவுக்கு யார் கொண்டுவரது?"

பரியாரி தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மீதிச் சவரத்தை மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பாதி தாடியை வைதேஹி எப்படியோ மழித்துவிட்டாள். வெட்டுக்காயம் இரண்டு. சௌரிராஜன் ஜட்காவில் ஏறினார். காவேரிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு பள்ளம் வந்தது. வண்டி குதித்தது, அவரும் குதித்தார். உட்கார்ந்தபோது முகவாய் வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. 'ஆமாம்' என்பதும் போயிற்று.

தெப்பக்குளத்துப் பக்கம் இறங்கி, அண்ணாந்தபடியே குடைக்கம்பால் வழியைத் தட்டித் தட்டி நடந்தார். எதிரே வந்த ஒரு அம்மாள், மலைக்கோட்டை உச்சியில் இவர் என்னவோ பார்க்கிறார் என்று தானும் பார்த்தாள். அவளைப் பார்த்து நாலு பேர் பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எத்தனை பக்தி பாருங்க, கண்ணை எடுக்கலை," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சௌரிராஜனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்கூல் வாசலில் பியூன் பிச்சமுத்து ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"என்னய்யா இது! தலைவரு வந்து மொத வரிசையில உக்காந்துட்டாரு. ஹாலு ரொம்பிடுச்சு. இப்படியே போயி நின்னீங்கன்னா..."

"நின்னா என்ன ஆகும்?"

"கழுத்தைப் பத்திப் பேசற ஆளுக்குக் கழுத்தே சரியில்லைன்னு சிரிப்பாங்கய்யா."

அதுதான் உண்மை. சௌரிராஜனுக்கு மனம் உடைந்துபோயிற்று. இத்தனை நாள் உழைப்பும் ஒரு கழுத்தினால் பாழ்.

"பிச்சமுத்து," என்றார், குரலைத் தாழ்த்தி. "இந்தக் காலால பிறந்தவா... யாராவது கிட்டத்துல இருக்காளா?"

பிச்சமுத்து ஒரு வினாடி வாயைப் பிளந்தான். பிறகு ஓடினான். போன வேகத்தில் திரும்பியும் வந்தான்.

"கெடைச்சிட்டாருய்யா! நம்ம லாந்தர்க்காரரு பரக்கத் அலிதான்! காலால பொறந்தவங்க யாராச்சும் உண்டா, வாத்தியாரு ஒருத்தரை உதைக்கணும்னேன். எந்த வாத்தியாருன்னாரு. உங்க பேரைச் சொன்னேன். 'அட, நான்தான் காலால பொறந்தவன், கூட்டிட்டு வா'ன்னுட்டாரு. நல்ல மனுசன்!"

மேடையில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை நனைத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் லாந்தரை வைத்துப் படம் விழச் செய்வது ஏற்பாடு. துணிக்கு முன்னால் தலைவர் ஏற்கெனவே அறிமுக உரையைத் தொடங்கிவிட்டார். "நம் சௌரிராஜனைப் போன்ற பகுத்தறிவுள்ள ஆசிரியர்கள்..." என்று கணீரென்று கேட்டது.

பின்னால் பரக்கத் அலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"வாங்க வாத்தியாரே. இப்படி லாந்தருக்கு முன்னால வந்து குனிஞ்சு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் நடுவுல. அங்கேதான்."

"முதல்ல தடவணும், இல்லையா?"

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க."

"பார்த்து, ஐயா! உள்ளே தண்டுவடம் இருக்கு!"

"உள்ளே என்ன வேணா இருக்கட்டும். நான் வெளியிலதானே உதைக்கப் போறேன்?"

பரக்கத் அலி லாந்தரின் மூடியை எடுத்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்த சௌரிராஜனுக்கு அது எங்கே போய் விழுகிறது என்று தெரியவில்லை.

"பிஸ்மில்லா!"

அது லேசான உதை அல்ல. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தது போன்ற உதை. சௌரிராஜன் ஆறடி தூரம் போய் நாலு காலில் விழுந்தார். எழுந்து, தலையை இடப்பக்கம் திருப்பினார். திரும்பியது. வலப்பக்கம் திருப்பினார். திரும்பியது. ஆனந்தம் தாங்காமல் கூத்தாடப் போனவர், வெள்ளைத் துணியில் பனைமர உயரத்துக்குத் தம் நிழலும், அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிதாக ஒரு காலும் நிற்பதைக் கண்டார்.

ஹால் இடிந்துவிடும் போல் சிரித்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். மாமனாரின் முகம் கண் முன்னே வந்தது. துணியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சபையோரே! இதுவல்லவா போதனாமுறை! எந்த மூடத்தனத்தைக் கண்டிக்கப் போகிறாரோ, அதை நிழற்படமாகவே நடித்துக் காட்டிவிட்டார். தம் கௌரவத்தையும் பாராமல் உதை வாங்கியிருக்கிறார்! இவரை நிரந்தரமாக்க இன்னும் என்ன யோசனை?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. சௌரிராஜன் தலையைத் தாராளமாக இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பேசினார். உதைத்தால் சுளுக்குப் போகும் என்பது சுத்தப் பொய் என்று மேசையைக் குத்தி நிரூபித்தார். அப்படிச் சொன்னபோது மட்டும் நாக்கு கொஞ்சம் குழறியது.

கூட்டம் கலைந்ததும் நேரே பரக்கத் அலியிடம் போனார். அவர் கண்ணாடிப் படங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சௌரிராஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியில சொல்ல முடியாது, பாய். ஆனா உங்களாலதான் எனக்கு வேலை நிலைச்சுது. காலால பிறந்தவா காலுக்கு இத்தனை சக்தி உண்டுன்னு நான் நம்பாமலே இருந்துட்டேன்."

பரக்கத் அலி பெட்டியைப் பூட்டித் தோளில் தூக்கிக்கொண்டார்.

"நான் எல்லாரையும் போலத் தலையாலதாங்க பொறந்தேன், வாத்தியாரே, எட்டாங் கிளாஸ்ல ரெண்டு வருசமா பெயிலாக்கி நிறுத்தி வச்சிருக்கீங்களே முஜீபு, அவனைப் பெத்த அத்தா நான்."