தையல் மெஷினைத் துறந்தவன்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். அங்கே ஒருவர் கூடுதலாக இருப்பதும் தெரியும்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து எல்லார் உயிரையும் வாங்குகிறேன் என்று என்னைப் புத்தர் வகுப்பில் சேர்த்துவிட்டவன் நீதான். "நிம்மதி கிடைக்கும் அத்தான்" என்றாய். துன்பம் உண்டு என்பது முதல் பாடம். அது எனக்கு உடனே பிடிபட்டது. துன்பத்துக்குக் காரணம் பற்று என்றார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன். என்னிடம் பற்றே இல்லை. சாய்வு நாற்காலியும் ரேடியோவும் வெறும் தேவைகள். உன் அக்காவுக்கோ தையல் மெஷின்மேல் உயிர். நான் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் அடுத்த அறையில் அது கடகடவென்று ஓடும். அவள் நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டுத் தானமாகக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவள் வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது என் கையும் காலும்ங்க" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "எதுவும் நிலையில்லை" என்றேன். "அப்படியா? அப்ப நானும்தான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வகுப்பு நடத்தும் பிக்குவிடம் போய்ப் புலம்பினேன். "விடச் சொன்னது உங்க பொருளை ஐயா. அவங்க கொடுக்காததை நீங்க எடுத்திருக்கீங்க. அதுக்குப் பேரு திருட்டு" என்றார். ஞானம் தேடிப் போனவன் திருடனாகி நிற்கிறேன். எதிர்வீட்டம்மாவிடம் மெஷினைத் திருப்பிக் கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்கணும்னு தினமும் தியானத்துல சத்தமா சொல்வீங்களே? நான் நல்லா இருக்கேன்" என்கிறார். இப்போது அது அங்கே ஓடுகிறது. சத்தம் கேட்டதும், பழக்க தோஷம், "கொஞ்சம் டீ போடேன்" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். பதில் வராது. பிறகு மூச்சைக் கவனிக்க மனம் வருவதில்லை.

ஆனாலும் நான் கலங்கவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

உன் மாமியார் உட்பட சகல உயிர்களும் துன்பம் நீங்கி வாழ வாழ்த்தும்,
உன் அத்தான்.

பி.கு.: படித்துக் காட்டிவிடாதே! மேலே உள்ளதை எழுதிவிட்டு மறுபடி போய்க் கேட்டேன், எதிர்வீட்டம்மா மெஷினைக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு என் நாற்காலியும் ரேடியோவும் போயின. தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மெஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டுவிட்டேன். எனக்குப் பற்று இருக்குடா, நிறைய இருக்கு. அக்காவைக் கூட்டிக்கிட்டு வா.